மாதிரிப் பத்திரம்

கடன் வாங்கியவளுக்கு இந்த உலகத்தில் எப்போதும் ஓர் இடம் உண்டு. அவளை நிற்க வைக்க, உட்கார வைக்க, வாசலில் வந்து கூப்பிட ஆட்கள் இருக்கிறார்கள். கடனைக் கட்டி முடித்தவளை என்ன செய்வது என்றுதான் யாருக்கும் தெரியாது. ஆம்பூரில் ஷூ கம்பெனி ஒன்றில் தையல் மெஷினில் உட்காரும் பாக்யலட்சுமிக்கு இது கட்டி முடித்த பிறகுதான் தெரிந்தது. முன்பே தெரிந்திருந்தால் கொஞ்சம் மெதுவாகக் கட்டியிருப்பாள்.

அவள் கணவன் ராமமூர்த்தி ஷேர் ஆட்டோ ஓட்டிக்கொண்டிருந்தான். மாதனூர் பக்கம் வண்டி கவிழ்ந்து கால் எலும்பு உடைந்தபோது ஆஸ்பத்திரிச் செலவுக்கு அவள் வீட்டுப் பத்திரத்தை வைத்து இரண்டு லட்சம் வாங்கினாள். கொடுத்த நிறுவனத்தின் பெயர் ‘கரைசேர்க்கும் கரங்கள்’. ஊரில் சுருக்கமாகக் ‘கரங்கள்’ என்பார்கள். அந்த வீடு அவள் அப்பா தோல் மண்டியில் உப்பு மூட்டை சுமந்து கட்டியது. ஒரே அறை, ஒரு சமையல் மூலை, மேலே சிமெண்ட் ஷீட். அவளுக்கென்று இந்த உலகத்தில் இருந்தது அந்தப் பத்திரம் ஒன்றுதான்.

கரங்களில் கடன் வாங்கினால் பணத்தோடு ஒரு மதமும் சேர்ந்து கிடைக்கும். செவ்வாய்க்கிழமை தோறும் பொழுது விடிந்ததும் விடியாததுமாகத் தெருப் பெண்கள் வரிசையாக நின்று, வலது கையை முன்னால் நீட்டி, உறுதிமொழி சொல்ல வேண்டும். ‘தவணை தவறேன். தோழி தவறினால் தோழியை விடேன். தோழி ஓடினால் தோழியின் தட்டுமுட்டுச் சாமானை விடேன்.’ சொல்லி முடித்ததும் எல்லாரும் கைதட்ட வேண்டும். எதற்குக் கைதட்டுகிறோம் என்று ஒருமுறை பக்கத்து வீட்டு வஹீதா கேட்டாள். உற்சாகத்துக்கு என்றான் வசூலுக்கு வரும் சூரியபிரகாஷ். உற்சாகம் குறைந்தால் அபராதம் உண்டு என்பதையும் அவன்தான் சொன்னான்.

ஐந்து வருடக் கடனைப் பாக்யலட்சுமி மூன்று வருடத்தில் அடைத்தாள். இதில் சூட்சுமம் ஒன்றும் கிடையாது. வாயைக் கட்டினாள், வயிற்றைக் கட்டினாள். ரேஷன் அரிசிதான் சோறு, அதே அரிசிதான் இட்லி. சந்தை கலையும் நேரத்தில் போய், கடைக்காரன் மூட்டை கட்டும் அவசரத்தில் தள்ளிவிடும் கத்தரிக்காய்க் கூறை வாங்கி வருவாள். அரிசியை ஊறவைத்து உலையில் போட்டால் கேஸ் கம்மியாகச் செலவாகும் என்று ஊறவைத்தாள். காலை டீயைக் கம்பெனியில் கொடுக்கும் டீயோடு முடித்துக்கொண்டாள். கால் கூடிய பிறகு வாட்ச்மேன் வேலைக்குப் போன ராமமூர்த்தி பீடியை விட்டான். கேபிள் டிவியை வெட்டினார்கள். சோளிங்கருக்கு வேண்டிக்கொண்டிருந்த மொட்டையைத் தள்ளிப்போட்டார்கள். நரசிம்மர் மலை மேலேயேதான் இருப்பார், எங்கும் போய்விட மாட்டார் என்று ராமமூர்த்தி சமாதானம் சொன்னான். பிரியாணி ஊரில் குடியிருந்துகொண்டு மூன்று வருடம் அதன் வாசனையை மட்டும் சாப்பிட்டார்கள்.

கூரை ஷீட்டில் ஒரு விரிசல் இருந்தது. மழை பெய்தால் அதற்கு நேர் கீழே ஒரு அலுமினியக் குண்டானை வைப்பாள். ஷீட் மாற்ற எடுத்து வைத்த பணமும் கடைசித் தவணையோடு போயிற்று. பத்திரம் கைக்கு வந்துவிட்டால் போதும், ஒழுகுகிற வீடானாலும் அது நம் வீடு என்று அவள் நினைத்தாள்.

கடைசிப் பணத்தைக் கட்டிவிட்டுப் பத்திரத்தைக் கேட்டபோது ஆம்பூர் கிளை மேலாளர் முகம் எழவு வீட்டுக்கு வந்தவர் முகம் மாதிரி ஆயிற்று. ஏன் இப்படிச் செய்தாய், உனக்கு நாங்கள் என்ன குறை வைத்தோம் என்று கேட்டார். கம்ப்யூட்டரில் அவள் பெயருக்கு நேராக ‘செயலிழந்த வாடிக்கையாளர்’ என்று வந்தது. செயலிழந்தவர்களின் பத்திரம் சத்துவாச்சாரியில் இருக்கும் தலைமை அலுவலகத்தில் பத்திரமாக இருக்கிறது, மூன்று வேலை நாட்களில் வரும் என்றார்.

மூன்று வேலை நாட்கள் கழித்துப் பத்திரம் வரவில்லை. பூர்ணிமா வந்தாள்.

பூர்ணிமா தலைமை அலுவலகத்தில் நிதிக் கல்விப் பிரிவின் அதிகாரி. ஏழைகளுக்குச் சிக்கனம் சொல்லிக்கொடுக்கும் பிரிவு அது. காரில் வந்தாள், இறங்கும்போது ஏசி வீணாகக் கூடாது என்பதற்காக டிரைவரை இன்ஜினை அணைக்காமல் உள்ளேயே இருக்கச் சொன்னாள். நிறுவனத்தின் வரலாற்றிலேயே சிக்கனத்தால் முன்கூட்டிக் கடன் தீர்த்த முதல் பெண் பாக்யலட்சுமிதான் என்றும், அவளுக்குச் ‘சிக்கனச் சிகரம்’ விருது கொடுக்கத் தீர்மானம் ஆகியிருக்கிறது என்றும், பத்திரத்தை அந்த மேடையிலேயே இயக்குநர் கையால் வாங்கிக்கொள்ளலாம் என்றும் சொன்னாள். அதற்கு முன் அவள் உண்மையிலேயே சிக்கனமானவள்தானா என்று சரிபார்க்க ஆட்கள் வருவார்கள்.

விருது வேண்டாம், பத்திரம் போதும் என்றாள் பாக்யலட்சுமி. விருது வாங்காதவர்களுக்குப் பத்திரம் கொடுக்கும் நடைமுறை இப்போது இல்லை என்று பூர்ணிமா வருத்தத்தோடு தெரிவித்தாள்.

இங்கேதான் பாக்யலட்சுமியின் சிக்கனத்தில் இருந்த ஓட்டை தெரிந்தது. அவள் தன் வாயைக் கட்டுவாள், புருஷன் வாயைக் கட்டுவாள். வீடு தேடி வந்தவர் வாயைக் கட்ட அவளுக்குத் தெரியாது. அந்தத் தெருவிலேயே யாருக்கும் தெரியாது. பெருநாளுக்கு வஹீதா வீட்டில் அண்டா இறங்கினால் தெருவே சாப்பிடும். பொங்கலுக்கு இவள் வீட்டுப் பானை இறங்கினால் வஹீதா வீட்டுக்குத் தூக்குப் போகும். வந்தவரை டீ குடிக்காமல் அனுப்பினால் அந்த வீட்டு விளக்கு எரிந்தும் எரியாத மாதிரிதான். விரோதி வந்தாலும் டீ. விரோதியோடு ஆபீசர் வந்தால் டீயோடு பிஸ்கட்.

சரிபார்ப்பவர்கள் வந்தார்கள். முதலில் இரண்டு பேர் வந்தார்கள், அவர்கள் சரியாகப் பார்த்தார்களா என்று பார்க்க நான்கு பேர் வந்தார்கள். ஒருவர் எண்ணெய்ப் பாட்டிலில் ஸ்கேல் வைத்து அளந்தார். ஒருவர் குப்பைக்கூடையைக் கிளறி, வெங்காயத் தோல் மெல்லியதாக உரிக்கப்பட்டிருக்கிறதா என்று வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். மாதக் கடைசியில் எப்படிச் சமாளிப்பீர்கள் என்று கேட்டதற்கு, பசிச்சா தண்ணி குடிச்சிட்டுப் படுத்துக்குவோம் என்று பாக்யலட்சுமி உள்ளதைச் சொன்னாள். அவர் ‘நீர்சார்ந்த உணவு மேலாண்மை’ என்று குறித்துக்கொண்டார். எல்லாரும் டீ குடித்தார்கள். சர்க்கரை கம்மி என்று ஒருவர் இன்னொரு டீ கேட்டார்.

ஞாயிற்றுக்கிழமை மண்டல மேற்பார்வையாளர் தன் குழுவோடு வந்தார். ஆம்பூர் வரைக்கும் வந்துவிட்டோம் என்று அவர் பெருமூச்சு விட்டபோது அதற்கு என்ன அர்த்தம் என்று பச்சைக் குழந்தைக்கும் தெரியும். ராமமூர்த்தி தூக்கை எடுத்துக்கொண்டு கிளம்பினான். மூன்று வருடமாக அந்த வீட்டுக்குள் நுழையாத பிரியாணி அன்று நுழைந்தது. வந்தவர்கள் சாப்பிட்டார்கள். பாக்யலட்சுமியும் ராமமூர்த்தியும் காலையில் ஊற்றி வைத்த கஞ்சியைக் குடித்தார்கள். அதைப் பார்த்த மேற்பார்வையாளர் எலும்பைக் கடித்தபடியே கண் கலங்கினார். இதுதான் சிக்கனம், இதைத்தான் நாட்டுக்குக் காட்ட வேண்டும் என்று சொல்லி, பிரியாணியோடு வந்த கத்தரிக்காய்த் தொக்கை இன்னும் கொஞ்சம் கேட்டு வாங்கிக்கொண்டார்.

பால், சர்க்கரை, பிஸ்கட் எல்லாம் தெருமுனை அதாவுல்லா கடையில் கடனாக வந்தன. மூன்று வருடமாக அந்தக் கடையில் ரொக்கத்துக்கு மட்டுமே வாங்கியவள் அவள். அவர் கணக்கில் எழுதிக்கொண்டு, கையில இருக்கும்போது குடும்மா, ஆபீசருங்களப் பேஜார் பண்ணாம அனுப்பி வை என்றார். அடுத்த சரிபார்ப்பில் இந்தக் கடன் கண்டுபிடிக்கப்பட்டது. கண்டுபிடித்தவர் அப்போது அந்த பிஸ்கட்டைத்தான் டீயில் நனைத்துக்கொண்டிருந்தார். ‘விண்ணப்பதாரருக்குக் கட்டுப்பாடற்ற கைமாற்றுப் பழக்கம் உள்ளது’ என்று எழுதி, அதை அடைக்க நிறுவனத்திடமே சிறுகடன் ஒன்று வாங்கிக்கொள்ளலாம் என்று பரிந்துரைத்தார். பாக்யலட்சுமி அந்த வாரம் கம்பெனியில் இரண்டு ஓவர்டைம் பார்த்து பிஸ்கட் கடனைக் கொஞ்சம் குறைத்தாள்.

அதன் பிறகு படம் எடுக்க வந்தார்கள். விழா மேடையில் போட்டுக் காட்ட அவள் வாழ்க்கையை நான்கு நிமிடத்தில் எடுக்க வேண்டுமாம். பூர்ணிமா வீட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டு, உண்டியல் எங்கே என்றாள். உண்டியல் கிடையாது, மிச்சம் பிடித்த பணமெல்லாம் செவ்வாய்க்கிழமை உங்களிடமே வந்துவிட்டது என்றாள் பாக்யலட்சுமி. உண்டியல் இல்லாத சிக்கனத்தைப் பார்வையாளர்கள் நம்ப மாட்டார்கள் என்று காரிலிருந்து மண் உண்டியல்கள் இறங்கின. அவள் அதை உடைத்துவிட்டுச் சிரிக்க வேண்டும். முதல் உண்டியலை உடைத்தாள்; சிரிப்பு வரவில்லை. இரண்டாவதை உடைத்தாள், சிரிப்பு வந்தது, கண்ணில் வரவில்லை என்றார்கள். அத்தனை உண்டியலும் உடைந்து தீர்ந்த பிறகு, ராமமூர்த்தி உடைந்த ஓடுகளைக் கூட்டி வாரியபோது முதுகைப் பிடித்துக்கொண்டு முனகினான். அதைப் படம் பிடித்துக்கொண்டார்கள்.

அன்று மழை பிடித்தது. கூரையிலிருந்து குண்டானில் சொட்டு விழ ஆரம்பித்ததும் கேமராக்காரர் கையைத் தூக்கி எல்லாரையும் நிறுத்தினார். சத்தம் நன்றாக இருக்கிறதாம். வெகுநேரம் எல்லாரும் மூச்சை அடக்கி அந்த வீடு ஒழுகுவதைக் கேட்டுக்கொண்டு நின்றார்கள். பூர்ணிமா மார்பில் கை வைத்து, ரொம்ப அழகு என்றாள். ஓர் ஆள் நிர்வாணமாக நிற்கும்போது சுற்றி நின்று தோலின் நிறத்தைப் புகழ்ந்தால் எப்படி இருக்கும், அப்படிக் கூசியது பாக்யலட்சுமிக்கு. பத்திரம் மட்டும் நினைவில் இல்லாதிருந்தால் அந்தக் குண்டான் தண்ணீரை எடுத்து ஊற்றியிருப்பாள்.

விழா வேலூரில் ஒரு பெரிய ஹோட்டலில் நடந்தது. அழைத்துப் போக வேன் வந்தது. அன்றைய கூலி கம்பெனியில் வெட்டு. மண்டபத்துக்குள் குளிர் எலும்பைப் பிடித்தது. ராமமூர்த்தியின் ஒட்டுப் போட்ட கால் விண்விண் என்று தெறித்தது. வெளியே மேஜை மேஜையாகச் சாப்பாடு. ஒரு மேஜையில் ஐஸ்கட்டியில் செதுக்கிய உண்டியல் ஒன்று கரைந்துகொண்டிருந்தது.

இயக்குநர் பேச எழுந்தார். வெள்ளைச் சட்டை, நெற்றி நிறைய விபூதி, குரலில் தேன்.

“பாக்யலட்சுமி அம்மாவைப் பார்க்கும்போது எனக்கு இரண்டு உணர்ச்சிகள் வருகின்றன. ஒன்று பெருமை. இன்னொன்று, நான் மறைக்க விரும்பவில்லை, பயம்.” சபை சிரித்தது. “இந்த அம்மாவைப் போல எல்லாரும் ஆகிவிட்டால் இந்த ஐஸ்கட்டிக்குக் கூட நம்மிடம் காசு இருக்காது. ஆகவே ஒருவரைப் பாராட்டுகிறோம். ஒருவரைத்தான் பாராட்ட முடியும். மற்றவர்கள் இவரைப் பார்த்து, நாமும் ஒருநாள் கரை சேருவோம் என்ற நம்பிக்கையோடு தொடர்ந்து கடலில் இருக்க வேண்டும். நம்பிக்கைதான் நம் மூலதனம். ஏழை சிக்கனமாக இருப்பது எதற்கு? தவணை தவறாமல் இருப்பதற்கு. கடனே இல்லாமல் இருப்பதற்கு அல்ல. அது பேராசை.”

கைதட்டல் அடங்க நேரம் ஆயிற்று. தெருவில் உறுதிமொழிக்குப் பிறகு தட்டிய அதே தட்டு என்று பாக்யலட்சுமிக்குத் தோன்றியது.

அவளை மேடைக்கு ஏற்றினார்கள். சால்வை போட்டார்கள். ஆள் உயரத்தில், கட்டில் அகலத்தில் ஒரு பலகையை நான்கு பேர் தூக்கி வந்தார்கள். வழவழப்பான பிளெக்ஸ் ஒட்டிய பலகை. அதில் அவள் வீட்டுப் பத்திரத்தின் முதல் பக்கம் பெரிதாக அச்சடித்திருந்தது. பாதியை இயக்குநரின் சிரித்த முகம் அடைத்துக்கொண்டிருந்தது. கேமராக்களைப் பார்த்து அவர் ஒரு பக்கம் பிடிக்க, இவள் ஒரு பக்கம் பிடித்தாள். அவர் காதோரமாக, சிரிம்மா என்றார்.

கீழே இறங்கியதும் உண்மையான பத்திரம் எங்கே என்று பூர்ணிமாவைக் கேட்டாள். மேடையில் கொடுத்தது அடையாளப்பூர்வமானது, அசல் மூன்று வேலை நாட்களில் வரும் என்றாள் பூர்ணிமா. வேன் எங்கே என்று கேட்டாள். வேன் விருதாளர்களை அழைத்து வருவதற்குத்தான் ஒப்புதல் ஆகியிருந்தது.

பலகையை ஒருமுனையில் அவளும் மறுமுனையில் நொண்டி நொண்டி ராமமூர்த்தியும் தூக்கிக்கொண்டு பேருந்து நிலையம் வந்தார்கள். ஆம்பூர் பஸ்ஸில் கண்டக்டர் இரண்டு டிக்கெட் கிழித்துவிட்டுப் பலகையை ஏற இறங்கப் பார்த்தார். இதில் சிரிப்பவர் யார் என்றார். கடன் கொடுத்தவர் என்றாள். அவருக்கு லக்கேஜ் போட வேண்டும் என்று இன்னும் ஒரு டிக்கெட் கிழித்தார். பஸ் பள்ளிகொண்டா தாண்டியது. பாக்யலட்சுமி ஆறிப்போன குரலில், அந்த ஆளுக்கும் நாமளே டிக்கெட் எடுக்கிறோம் பாத்தியா என்றாள்.

பலகையை வீட்டுக்குள் வைக்க இடமில்லை. வெளியே வைத்தால் சந்து அடைத்துக்கொண்டது. மறுநாள் மழை வலுத்தது. குண்டான் நிரம்பி வழிந்தது. பாக்யலட்சுமி பலகையைப் பார்த்தாள், கூரையைப் பார்த்தாள். எதையும் வீணாக்கத் தெரியாதவள். வெளியே முக்காலியைப் போட்டு, சரிந்த கூரை எட்டும் உயரத்துக்கு ஏறினாள். கீழிருந்து ராமமூர்த்தி பலகையைத் தள்ளிக் கொடுத்தான்.

“மூஞ்சி மேல பாத்து இருக்கட்டுமா, கீழ பாத்தா?” என்று கேட்டான்.

“மேல பாத்தே இருக்கட்டும். உள்ள வந்து நம்மள பாக்க வேணாம்.”

நான்கு மூலைக்கும் செங்கல் வைத்தாள். அன்று முதல் வீடு ஒழுகவில்லை. கரங்கள் அவளுக்குச் செய்த ஒரே உபகாரம் அதுதான். பத்திரத்துக்காக அவள் போன் செய்தபோதெல்லாம் மூன்று வேலை நாட்கள் என்றே பதில் வந்தது. மூன்றாவது மாதம் அவள் போன் செய்வதை நிறுத்தினாள். தூக்கம் மட்டும் வரவில்லை. அப்பா கட்டிய வீடு எவன் மேஜையில் கிடக்கிறதோ என்று மேலே பார்த்துக்கொண்டே கிடப்பாள்.

ஒரு காலைப் பொழுதில் சூரியபிரகாஷ் பைக்கை அலற விட்டுக்கொண்டு வந்தான். நாளைக்குத் திருப்பத்தூரில் அடுத்த விழா. அந்தப் பலகை வேண்டும். செய்தது ஒன்றே ஒன்றுதானாம்; பெயரும் பத்திரமும் மேலே ஸ்டிக்கர் ஒட்டி மாற்றிக்கொள்வார்களாம், இயக்குநரின் முகம் மட்டும் நிரந்தரம். புதிதாக அடிக்க அவரே ஒப்புதல் கொடுக்க வேண்டும், அவர் வெளிநாட்டில் ஒரு சிக்கன மாநாட்டில் இருக்கிறார், நாளைக் காலைதான் இறங்குகிறார். பலகை இல்லாவிட்டால் தன் வேலை போய்விடும் என்றான். மேலே பார்த்தான். இயக்குநரின் நெற்றியில் காக்கை எச்சமிட்டிருந்தது, கன்னத்தில் பாசி பிடித்திருந்தது. கர்ச்சீப்பை எடுத்துக்கொண்டு முக்காலியில் ஏறப் போனான்.

பாக்யலட்சுமி முக்காலி மேல் உட்கார்ந்துகொண்டாள். மூன்று வருடமாக அவனை அவள் சார் என்றுதான் கூப்பிட்டிருக்கிறாள்.

“தம்பி, அது அடமானத்துல இருக்குது.”

“இன்னாக்கா சொல்றீங்க?”

“என் பத்திரத்தக் கொண்டாந்து வச்சிட்டு உங்க பத்திரத்த மீட்டுக்கினு போ. அவசரம் இல்ல. மூணு வேலை நாள்ல கொண்டாந்தாலும் சரி.”

அவன் கெஞ்சினான். அது கம்பெனி சொத்து என்றான். இது எங்கப்பா சொத்து என்று அவள் வீட்டைக் காட்டினாள். அவன் அழுகிற மாதிரி ஆகி யாருக்கோ போன் போட்டான், பைக்கைத் திருப்பினான். அவள் உள்ளே போய் உலை வைத்தாள். உலை கொதித்து அரிசி போடுவதற்குள் அவன் பத்திரத்தோடு திரும்பி வந்துவிட்டான். அது சத்துவாச்சாரிக்குப் போகவே இல்லை. ஆம்பூர் கிளையிலேயே, மேலாளர் டீ குடிக்கும் மேஜையில், கிளாஸுக்கு அடியில் கிடந்திருக்கிறது. முதல் பக்கத்தில், அவள் அப்பாவின் பெயர் மேலேயே, டீ கிளாஸின் வட்டக் கறை விழுந்திருந்தது.

அவள் கறையை விரலால் தொட்டுப் பார்த்தாள். ஒவ்வொரு பக்கமாகத் திருப்பிப் பார்த்து, அப்பாவின் கைநாட்டைப் பார்த்து, மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள். சந்தோஷம் வரும் என்று மூன்று வருடம் காத்திருந்தவள். வாய்க்குள் கசப்புத்தான் வந்தது. வாசலுக்குப் போய்த் துப்பிவிட்டு வந்தாள்.

ராமமூர்த்தி பலகையை இறக்கிக் கொடுத்தான். சூரியபிரகாஷ் இயக்குநரின் முகத்தைப் பயபக்தியோடு துடைத்து, வரச் சொல்லியிருந்த ஆட்டோவில் ஏற்றினான். வேலை தப்பிய ஆறுதலில் அவனுக்கு வழக்கமான குரல் திரும்பியது. தூறல் ஆரம்பித்திருந்தது. திறந்த விரிசல் வழியாக முதல் சொட்டு வீட்டுக்குள் விழுந்தது. அவன் அதை அண்ணாந்து பார்த்தான்.

“ஒழுகுதேக்கா. வீட்டுப் பராமரிப்புக் கடன்னு புதுசா ஒண்ணு வந்திருக்குது. உங்களுக்குன்னா வட்டி கம்மி பண்ணிச் சொல்றேன். பத்திரம் கையிலயே இருக்குது, இப்பவே எழுதிக்கலாம்.” சொல்லிவிட்டு, வழக்கம் போல வாசற்படியில் சவுகரியமாக உட்கார்ந்தான். வந்தால் டீ வரும் என்று அவனுக்குத் தெரியும்.

அடுப்பில் அப்போதுதான் டீ கொதித்துக்கொண்டிருந்தது. வாசம் வாசல் வரைக்கும் வந்தது. பாக்யலட்சுமி அதை இரண்டு டம்ளரில் ஊற்றினாள். ஒன்றை ராமமூர்த்தியிடம் கொடுத்தாள். இன்னொன்றை, படியில் உட்கார்ந்திருந்தவன் பார்க்கப் பார்க்க, தானே குடித்தாள்.

அந்தத் தெருவில் அப்படி ஒரு காரியம் அதுவரை நடந்ததில்லை. பக்கத்து வீட்டு வாசலில் துணி எடுத்துக்கொண்டிருந்த வஹீதா கை நிற்கப் பார்த்தாள். சூரியபிரகாஷ் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தான், பிறகு எழுந்து போனான். பாக்யலட்சுமி டம்ளரைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, குண்டானை எடுத்து விரிசலுக்கு நேர் கீழே வைத்தாள்.